படிப்பு முடிந்தது, செல்லூரில் 50 ரூபாய்க்குப் பொது அக்குபங்சர் அறை தொடங்கலாமா?

பிச்சிப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருட அக்குபங்சர் (மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி வைக்கும் வைத்தியம்) டிப்ளமோ போன மாதம்தான் முடிந்தது. வயது 27, மதுரை செல்லூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா விசைத்தறியில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். துணியில் புள்ளி விழ வேண்டிய இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. அம்மாவின் கட்டைவிரல் அடியில் எப்போதும் வலி. எங்கள் தெருவில் முழங்கால், இடுப்பு, தோள்பட்டை என்று ஏதாவது ஒன்று வலிக்காத ஆளே கிடையாது.

கூடப் படித்தவர்கள் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் ஏசி அறை பிடித்து ஒரு தடவைக்கு 500 ரூபாய் வாங்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு அதில் போகவில்லை. எங்கள் தெருவிலேயே கீழ்த்தளத்தில் ஒரு ஹால் காலியாக இருக்கிறது. ஆறு ஈஸி சேர் போட்டு, ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஊசியோடு சாய்ந்திருக்கலாம். ஆளுக்கு 50 ரூபாய். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தில் லிசா ரோலெடரும் ஸ்கிப் வான் மீட்டரும் 2002-இல் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். ஒரே ஹாலில் சாய்வு நாற்காலிகள், அப்போது கட்டணம் 15 முதல் 35 டாலர் வரை. எவ்வளவு தருவது என்று வருகிறவரே முடிவு செய்யலாம், வருமானச் சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். இதைப் படித்த நாளிலிருந்து வேறு மாதிரி நினைக்கவே முடியவில்லை.

ஆனால் பயமாக இருக்கிறது. 50 ரூபாய் என்றால் ‘மட்டமான வைத்தியம்’ என்று நினைப்பார்களோ? அதைவிடப் பெரிய பயம் என் கை மேல். பயிற்சியில் நூறு பேருக்குக்கூட முழுசாக ஊசி போட்டிருக்க மாட்டேன். சார் பக்கத்தில் இல்லாமல் ஊசியை எடுத்தால் விரல் நுனி குளிர்ந்துவிடுகிறது. எங்கள் தெருவில் வைத்தியர் என்றால் முதலில் கைராசி உண்டா என்றுதான் கேட்பார்கள். எனக்கு அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலூர் அக்கா:

தங்கச்சி, முதலில் ஹாலைப் பேசி முடித்துவிடு. மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நான் மேலூரில் ஒன்பது வருடமாக ஊசி போடுகிறேன். முதல் இரண்டு வருடம் 300 ரூபாய் வாங்கினேன். முழங்கால் வலி என்று வருவார்கள், ஒரு தடவை போட்டதும் ‘பரவாயில்லக்கா, லேசா இருக்கு’ என்று போவார்கள். மூன்று மாதம் கழித்து அதே வலியோடு வந்து நிற்பார்கள். ஏன் இடையில் வரவில்லை என்று கேட்டால் பதில் வராது, தரையைப் பார்ப்பார்கள். களை எடுக்கப் போகிற பெண் ஒரு நாள் கூலியை அப்படியே என்னிடம் கொட்ட முடியுமா? அக்குபங்சர் ஒரே தடவையில் முடிகிற காரியம் இல்லை. நாள்பட்ட வலிக்கு வாரம் இரண்டு தடவை, ஐந்தாறு வாரமாவது வர வேண்டும். அந்தப் பத்துத் தடவையும் வர முடிகிற மாதிரி விலை வைத்தால்தான் வைத்தியம் வேலை செய்யும். 300 ரூபாய் வைத்துக்கொண்டு நான் பாதி வைத்தியம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

அதனால் விலையைக் குறைப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தட்டையாக 50 என்று வைக்காதே. கணக்குப் போட்டுப் பார். வாடகை 6,000, கரண்ட் 1,000, மருத்துவக் கழிவு எடுக்கிறவர்களுக்கும் துணி துவைக்கவும் சேர்த்து 2,000. ஆக 9,000. ஒருவருக்குப் பத்து ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் என்று 20 ரூபாய் போய்விடும். 50 வாங்கினால் கையில் 30 நிற்கும். மாதம் 25 நாள் வேலை என்றால், தினம் 12 பேர் வந்தால்தான் செலவுக்கே சரியாகும். உனக்கென்று 15,000 வேண்டுமானால் தினம் 32 பேர் வர வேண்டும். முதல் வருடத்தில் அது நடக்காது. 50 முதல் 150 வரை என்று எழுதி வை. சராசரியாக 80 விழுந்தால் கையில் 60. தினம் 16 பேர் வந்தால் உன் சம்பளமும் வந்துவிடும். ஆறு நாற்காலி இருந்தால் 16 பேரை நாலு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

கைராசியைப் பற்றிக் கேட்டாயே. முதல் ஐந்நூறு பேருக்கு ஊசி போடுகிற வரைக்கும் யாருக்கும் கைராசி கிடையாது. ஏசி அறையில் நாளைக்கு இரண்டு பேர் வந்தால் அந்த ஐந்நூறைத் தொட எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பார். பொது அறையில் இரண்டே மாதம். புதிதாகப் படித்து வருகிறவளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஒற்றைப்புள்ளி:

தங்கை, நல்ல எண்ணம், வாழ்த்துகள். ஊசியே எதற்கு என்று யோசித்தீர்களா? நம் தமிழ்நாட்டில் பலர் நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு சிகிச்சை தருகிறோம். ஊசிச் செலவு இல்லை, கழிவு இல்லை, குழந்தைகள் பயப்படுவதில்லை. நான் உசிலம்பட்டியில் பன்னிரண்டு வருடமாகத் தொடு சிகிச்சைதான் செய்கிறேன். மருந்து மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, உடம்பைத் தன் போக்கில் விட்டாலே பாதி சரியாகிவிடும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

தொடுவதா குத்துவதா என்ற விவாதத்துக்குள் நான் வரவில்லை, அது அவரவர் படிப்பு. ஆனால் தம்பி எழுதியிருக்கும் கடைசி வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

வார்டில் 28 வருடம் வேலை பார்த்தவள் நான். சுகர் ஊசியை நிறுத்தச் சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு வந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியாது. யார் சொன்னது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. விரலில் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழ் வரை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டு மாற்றும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்து, ‘உடம்பு தானா சரியாகும்னு சொன்னாகளேம்மா’ என்பார். பிரஷர், சுகர், வலிப்பு, தைராய்டு, இதயம் என்று எந்த மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது, பிச்சிப்பூ. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய்க் கேட்கச் சொல். இதை உன் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு.

அப்புறம், முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டது என்று உன்னிடம் ஆள் வருவார்கள், கட்டாயம் வருவார்கள். முதலில் புருவத்தை உயர்த்தச் சொல். கோணிய பக்கத்து நெற்றியிலும் சுருக்கம் விழவில்லை என்றால் முகநரம்பு வாதமாக இருக்கலாம். அதற்கும் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போய் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தால்தான் முழுப் பலன். ஊசி அப்புறம். நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணியிருக்கிறது, கை தளர்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதம். சந்தேகமாக இருந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள். நாற்காலியில் உட்கார வைக்காதே, 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நீ நல்லது செய்கிறேன் என்று அரை மணி நேரம் ஊசி போட்டு வைத்திருந்தால், அந்த அரை மணி நேரத்தில் ஒருவர் பேச்சை இழந்துவிடலாம்.

உனக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் ஆகிவிட்டதா? இல்லையென்றால் நாளைக்கே முதல் தவணையைப் போட்டுக்கொள்.

ஒற்றைப்புள்ளி:

சிஸ்டர், நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். சளி, சாதாரணக் காய்ச்சல் போன்றவற்றை மனதில் வைத்துத்தான் எழுதினேன், ஆனால் ‘எல்லாவற்றையும்’ என்று எழுதியது தப்பு. சுகர் ஊசி போடுகிறவர் அதைப் படித்துவிட்டு நிறுத்தினால் பாவம் எனக்குத்தான். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கீழமாசிக்காரன்:

நான் வைத்தியர் இல்லை, பலசரக்குக் கடைக்காரன். முழங்கால் வலிக்காக இரண்டு வருடமாக ஊசி போட்டுக்கொள்கிறேன், அதனால் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஏம்மா, இவ்வளவு சேவை மனசு இருக்கிறவள் இலவசமாகவே செய்துவிடலாமே? ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டால் கூட்டம் அள்ளும். அரிசி, பருப்புச் செலவு மாதிரி ஊசிச் செலவை எங்களைப் போல நாலு பேர் ஏற்றுக்கொள்வோம்.

மேலூர் அக்கா:

அண்ணே, உங்கள் மனசுக்கு நன்றி. ஆனால் முகாமுக்கு ஒரு நாள் வந்து போகிறவருக்கு அந்த ஒரு நாள்தான் கிடைக்கும். நான் மேலே எழுதிய பத்துத் தடவைக் கணக்கு அங்கே நடக்காது. இன்னொன்று, இலவசம் என்றால் நம் ஆட்கள் வாய் திறந்து எதுவும் கேட்க மாட்டார்கள். ‘அந்தப் பக்கம் இன்னும் வலிக்குது’ என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். அண்ணா பஸ் ஸ்டாண்டு பக்கம் ராமு தாத்தா பத்து ரூபாய்க்குச் சாப்பாடு போட்டாரே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி உரிமையோடு கேட்டுச் சாப்பிட்டார்.

போர்ட்லாந்து வரைக்கும் போகத் தேவையில்லை தங்கச்சி, நம் ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கட்டும் பக்கம் போவதா, இலவசப் பக்கம் போவதா என்று வருகிறவரே முடிவு செய்துகொள்ளலாம், யாரும் ரேஷன் கார்டைக் கேட்பதில்லை. கட்டுகிறவர் பணத்தில் கட்ட முடியாதவருக்கும் கண் ஆபரேஷன் நடக்கிறது. மதுரைக்காரர்களுக்கு இந்த முறையைப் புதிதாக விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிக்கு அங்கே கண் ஆபரேஷன் நடந்திராத வீடு உங்கள் தெருவில் எத்தனை இருக்கும்?

பிச்சிப்பூ:

அக்கா, சிஸ்டர், எல்லாருக்கும் நன்றி. ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். தடுப்பூசி முதல் தவணையும் போட்டாயிற்று. இன்னும் இரண்டு சந்தேகம். ஒரே ஹாலில் ஆணும் பெண்ணும் எப்படி? சேலை கட்டிய அம்மாக்களை எல்லார் முன்னாலும் எப்படிப் படுக்கச் சொல்வது? இன்னொன்று, போர்டில் என்ன எழுத வேண்டும், யாரிடம் பதிய வேண்டும்?

மேலூர் அக்கா:

படுக்கவே வேண்டாம், சாய்ந்து உட்கார்ந்தால் போதும். பொது அறையில் முழங்கைக்குக் கீழே, முழங்காலுக்குக் கீழே, காது, தலை ஆகிய இடங்களில் மட்டும் ஊசி போடு. கலிபோர்னியாவில் மிரியம் லீ என்ற அம்மா பெருங்கூட்டத்துக்கு வைத்தியம் பார்த்தது பெரும்பாலும் ஐந்து புள்ளிகளை வைத்துத்தான்: வயிறு 36, மண்ணீரல் 6, பெருங்குடல் 4, பெருங்குடல் 11, நுரையீரல் 7. பெயர்தான் வயிறு, குடல் என்று இருக்கும், இடமெல்லாம் கையிலும் காலிலும்தான். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து ஊசி. கெண்டைக்கால் தெரியும் அளவு சேலையை ஏற்றினால் போதும், நாற்று நடும்போது அதைவிட ஏற்றிச் செருகியிருப்பார்கள். ஆனாலும் மேலே ஒரு துண்டைப் போட்டுவிடு, அந்தத் துண்டு கொடுக்கிற நிம்மதி பெரிது. நான் காலை பத்தரை முதல் ஒரு மணி வரை பெண்கள் மட்டும், மாலையில் எல்லாரும் என்று வைத்திருக்கிறேன். கர்ப்பமாக இருக்கிறவருக்குப் பெருங்குடல் 4-உம் மண்ணீரல் 6-உம் கூடாது. சுகரால் மரத்துப்போன பாதத்திலும் போடாதே, அவர்களுக்குக் கையும் காதும் போதும். முதுகு மேல்பகுதி, தோள் உச்சி இரண்டையும் உன் கை நன்றாகப் பழகும் வரை தொடவே வேண்டாம், கீழே நுரையீரல் இருக்கிறது.

காதைச் சாதாரணமாக நினைக்காதே. நியூயார்க்கில் லிங்கன் மருத்துவமனையில் போதைப் பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களுக்கு, எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் காதில் ஊசி போட்டார்கள். ஐந்து புள்ளிகள்தான். 1970-இல் அந்த ஏழைப் பகுதி இளைஞர்கள் போராடிப் பெற்ற சிகிச்சை மையம் அது. குடியை விட நினைக்கிறவர்கள் நம் பக்கம் கொஞ்சமா? ஆனால் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவரை முதலில் டாக்டரிடம் அனுப்பு, காது ஊசி கூடத் துணையாக இருக்கட்டும்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டமான ஒரு நாள், ஒரு அம்மாவின் கணுக்காலில் ஒரு ஊசியை எடுக்காமல் விட்டுவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து போடும்போது எத்தனை என்று சீட்டில் எழுதுவேன், எடுக்கும்போது அவரையும் என்னோடு சேர்ந்து வாய்விட்டு எண்ணச் சொல்வேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:

போர்டு விஷயம் நான் சொல்கிறேன். மத்திய அரசு 2003 நவம்பரில் போட்ட உத்தரவு அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் செய்யலாம் என்றது. மேற்கு வங்கத்தில் 1996-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கோட்னிஸ் என்ற இந்திய டாக்டரோடு 1938-இல் சீனாவுக்குப் போன மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் பாசு பின்னாளில் திரும்பவும் அங்கே போய் இந்த வைத்தியத்தைக் கற்று வந்து கல்கத்தாவில் வேரூன்ற வைத்தார், அதன் பலன். நீ பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடாதே. ‘அக்குபங்சர் சிகிச்சையாளர்’ என்று எழுதி, கீழே படித்த டிப்ளமோவைப் போடு. எந்த மாத்திரையும் லேகியமும் விற்காதே. மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குச் சான்றிதழ்களோடு நேரில் போய், உன் அறைக்கு எந்தப் பதிவு வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். கூடப் படித்தவர் சொன்னார் என்று இருந்துவிடாதே.

ஊசி விஷயத்தில் 2016 மருத்துவக் கழிவு விதிகளை வாங்கிப் படி. கழற்றிய ஊசி நேராக வெள்ளை நிற, குத்தினால் துளை விழாத டப்பாவுக்குள் போக வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். மாநகராட்சி வண்டியில் ஒரு ஊசிகூடப் போகக் கூடாது. அந்தக் குப்பையை வெறுங்கையால் பிரிக்கிற அக்காக்களை நீ தினமும் பார்க்கிறாய்.

பிச்சிப்பூ:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். அறை நடக்கிறது.

முதல் வாரம் மொத்தம் ஒன்பது பேர், அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். இப்போது தினம் சராசரி 11 பேர். வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்து மேலே ‘50 முதல் 150 வரை, முடிந்ததைப் போடுங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. போன மாதம் ஆளுக்கு 70 ரூபாய் வீதம் விழுந்திருந்தது. செலவெல்லாம் போகக் கையில் நின்றது 4,750. போதாது, அதனால் சாயங்காலம் டியூஷனை விடாமல் நடத்துகிறேன். அக்கா சொன்ன 16 பேர் கணக்கைச் சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் உயிரே போய்விட்டது. லோடு ஏற்றுகிற தம்பி ஒருவர், இடுப்பு வலி. நாலாவது ஊசி போடும்போது முகம் வெளுத்து, மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக வந்தது. ‘என்னமோ பண்ணுதுக்கா’ என்றார். எல்லா ஊசியையும் எடுத்தேன், தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தேன். அஞ்சு நிமிடத்தில் நிறம் வந்துவிட்டது, அப்புறம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். முந்தின நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லையாம். நம் ஊரில் வாசலில் யாரைப் பார்த்தாலும் ‘சாப்பிட்டீங்களா’ என்போம். இப்போது அதைப் பதிலுக்காகவே கேட்கிறேன், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்று வரைக்கும். இல்லை என்றால் பக்கத்துக் கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.

சிஸ்டர், நீங்கள் எழுதிய நெற்றிச் சுருக்கம் மூன்றாவது வாரமே வந்தது. பூ கட்டுகிற அம்மா, வயது அறுபது இருக்கும், மகன் கூட்டி வந்தான். புருவத்தை உயர்த்தச் சொன்னேன், இரண்டு பக்கமும் சுருங்கியது. இடது கையைத் தூக்கச் சொன்னேன், பாதியில் இறங்கிவிட்டது. 108 வரும் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் வந்ததால் ஊசி மருந்து போட முடிந்தது என்று மகன் வந்து சொன்னான். இப்போது நடக்கிறார், பேச்சு கொஞ்சம் இழுக்கிறது. அவரை நான் அன்று நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் உங்களை மனசில் கும்பிடுகிறேன்.

அம்மா வாரம் இரண்டு நாள் வருகிறார், மற்றவர்களைப் போலப் பெட்டியில் 50 ரூபாய் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் காலையில் தயிர்ப் பாத்திரத்து மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது.

கை குளிர்வது எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை, அக்கா.

எங்கள் ஹாலுக்கு இரண்டு பக்கமும் தறிக்கூடம். அந்த டக் டக் சத்தத்தில் யார் வந்து தூங்குவார்கள் என்று முதலில் கவலைப்பட்டேன். ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் ஆறு பேரில் நாலு பேருக்குக் குறட்டை வந்துவிடுகிறது. போன வியாழக்கிழமை திடீரென்று கரண்ட் போனது. தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றதும், அந்த அமைதியில் ஆறு பேரும் திடுக்கிட்டு முழித்து, ‘என்னாச்சு, என்னாச்சு’ என்று கேட்டார்கள். கரண்ட் வந்து சத்தம் ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.